மனச்சோர்வு மருந்துகள் பசியையும் உடல் எடையையும் எப்படி மாற்றுகின்றன?

"இந்த மாத்திரையைப் போட ஆரம்பித்தால் உடம்பு ஊதிவிடும்." மனச்சோர்வுக்காக மருந்து எழுதி வாங்கிய பலர், முதல் மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்பே இதை யாரிடமிருந்தாவது கேட்டிருப்பார்கள். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வரியால் சிலர் தேவையான சிகிச்சையைத் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள்; வேறு சிலர் நன்றாகத் தேறிவரும் நேரத்தில், ஆடை சற்று இறுகியதைக் கண்டு பயந்து, மருத்துவரிடம் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான பேச்சும் இருக்கிறது. "மருந்துக்கும் எடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்கள்தான் வாயைக் கட்டுவதில்லை" என்று நோயாளியின் மேலேயே பழியைப் போடும் பேச்சு அது. இது முதலாவதைவிடக் கொடுமையானது என்பது என் கருத்து. நோயினால் ஏற்கெனவே தன்னைத் தானே குறைகூறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னொரு குற்றவுணர்வைச் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை.

உண்மையில் சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடியவை, சில ஏறத்தாழ ஒன்றும் செய்யாதவை, சில சற்றே குறைக்கக்கூடியவை. ஒரே மருந்து இருவருக்கு இருவிதமாக நடந்துகொள்வதும் உண்டு. இது ஏன் என்று புரிந்துகொள்ளச் சிறப்புப் படிப்பு தேவையில்லை. பசி எப்படி உண்டாகிறது, மருந்து எங்கே போய்த் தொடுகிறது என்ற இரண்டையும் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

நோயே முதலில் எடையை மாற்றுகிறது

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நோயைப் பற்றிப் பேச வேண்டும். மனச்சோர்வு என்பது நாள்கணக்கில் நீடிக்கும் துயரமும், எதிலும் நாட்டமின்மையும், அவற்றோடு சேர்ந்து உடலையும் பிடித்துக்கொள்ளும் மாற்றங்களும் கொண்ட ஒரு நோய். அந்த உடல் மாற்றங்களில் பசி முக்கியமானது. மருத்துவர்கள் நோயை உறுதிசெய்யப் பயன்படுத்தும் அறிகுறிப் பட்டியலிலேயே பசி குறைவதும் கூடுவதும், உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஒரே மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் மாறுவதும் இடம்பெற்றிருக்கின்றன.

பலருக்கு நோய் பசியைப் பறித்துவிடுகிறது. தட்டில் பிடித்த உணவு இருந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ருசியே தெரியவில்லை என்பார்கள். வேறு சிலருக்கு இது தலைகீழாக நடக்கிறது. நாள் முழுக்கத் தூக்கமும், இனிப்பும் மாவுப்பொருளும் தேடும் நாக்கும், எழுந்து நடமாட விடாத கனத்த கைகால்களும் சேர்ந்து எடையைக் கூட்டுகின்றன.

ஒருவர் தம் எடையைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோய் வருவதற்கு முந்தைய ஆண்டில் அந்தப் பக்கத்தில் 60 கிலோ என்று இருக்கிறது. மூன்று மாதம் பசியில்லாமல் கிடந்து, மருத்துவரிடம் போன அன்று 54 கிலோ. மருந்து தொடங்கி ஐந்து மாதம் கழித்து 61 கிலோ. மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 7 கிலோ, அதாவது ஏறத்தாழ 13 சதவீதம் கூடியிருக்கிறது. பார்ப்பவர் எவருக்கும் அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நோய்க்கு முந்தைய பக்கத்திலிருந்து எண்ணினால் கூடியது 1 கிலோதான். இழந்த 6 கிலோ திரும்பி வந்தது நோய் விலகியதன் அடையாளம். அதையும் மருந்தின் பக்கவிளைவுக் கணக்கில் எழுதிவிடுவதால்தான் இந்தப் பேச்சில் பாதிக் குழப்பம் வருகிறது.

1999இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஃபுளுவாக்ஸெடின் என்ற மருந்தால் குணமடைந்தவர்களில் ஒரு பகுதியினர் அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் மருந்தற்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. 50 வாரம் நிறைவு செய்தவர்களைப் பார்த்தபோது, இரு சாராருக்கும் எடை ஏறத்தாழ ஒரே அளவில்தான் கூடியிருந்தது. தொடக்கத்தில் பசி மிகவும் குறைந்திருந்தவர்களும், குணமான பிறகு பசி நன்றாகத் திரும்பியவர்களும்தான் அதிகம் எடை கூடினார்கள்.

ஆகவே, மருந்து தொடங்கிய பிறகு கூடும் எடையில் ஒரு பகுதி நோயிலிருந்து மீண்டதால் வருவதாக இருக்கலாம். எஞ்சிய பகுதி மருந்தின் வேலையா என்பதுதான் அடுத்த கேள்வி.

பசியின் கணக்குப்பிள்ளை

பசி வயிற்றில் எழுகிறது என்று நினைக்கிறோம். வயிறு ஒரு செய்தியாளர் மட்டுமே, முடிவெடுப்பது மூளை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடல் வெப்பம், தாகம், தூக்கம், பசி ஆகியவற்றைச் சமநிலையில் வைத்திருப்பது அதன் பொறுப்பு. ஒரு வீட்டின் வரவுசெலவைப் பார்க்கும் கணக்குப்பிள்ளையாக அதை நினைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளைக்கு இரண்டு வகைத் தகவல்கள் வேண்டும். ஒன்று, சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பது. இன்னொன்று, இன்றைய கைச்செலவு எப்படி என்பது. உடலின் சேமிப்பு கொழுப்பு. கொழுப்புத் திசுக்கள் லெப்டின் என்ற இயக்குநீரைச் சுரந்து, "இருப்பு இவ்வளவு" என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. இது 1994இல் கண்டறியப்பட்டது. அன்றாடச் செய்தியைத் தருவதில் முக்கியமானது, வெறும் வயிற்றில் கூடிச் சாப்பிட்டதும் குறையும் கிரெலின் என்ற இயக்குநீர். இது 1999இல் கண்டறியப்பட்டது. இயக்குநீர் என்பது ஓர் உறுப்பு இரத்தத்தில் கலந்து இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் வேதிச் செய்தி, அவ்வளவுதான். இவற்றோடு, வயிறும் குடலும் நிரம்பியதை நரம்புகள் நேரடியாகவும் சொல்லிவிடுகின்றன.

இந்தச் செய்திகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஹைப்போதலாமஸ் "இன்னும் சாப்பிடு" என்றோ "போதும்" என்றோ தீர்மானிக்கிறது. அங்கே இரண்டு அணி நரம்பணுக்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஓர் அணி தூண்டப்பட்டால் பசி எழும், மற்ற அணி தூண்டப்பட்டால் நிறைவு தோன்றும்.

வீட்டில் கணக்குப்பிள்ளை மட்டும் இல்லையே. கடைத்தெருவில் எதைப் பார்த்தாலும் வாங்கச் சொல்லும் குழந்தையும் இருக்கிறது. மூளையில் இன்பத்தையும் விருப்பத்தையும் கையாளும் பாதைகள் அந்தக் குழந்தையைப் போன்றவை. வயிறு நிறைந்த பிறகும் இனிப்பைக் கண்டால் கை நீள்வது அவற்றால்தான். மனச்சோர்வு இந்தப் பாதைகளை மங்கச் செய்கிறது. அவை மீளும்போது உணவின் மீதான ஆசையும் மீள்கிறது.

மருந்து தொடும் இடம்

நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. இடையில் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. ஒரு நரம்பணு ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விட, அது எதிர்க்கரையில் போய்ச் சேர்கிறது. இப்படிச் செய்தி சுமக்கும் வேதிப்பொருளுக்கு நரம்புக்கடத்தி என்று பெயர். எதிர்க்கரையில் அதை வாங்கிக்கொள்ளும் புரத அமைப்புக்கு ஏற்பி என்று பெயர். சாவியும் பூட்டும் போல, குறிப்பிட்ட கடத்திக்குக் குறிப்பிட்ட ஏற்பி. செய்தி போய்ச் சேர்ந்ததும் மிச்சமுள்ள கடத்தியை அனுப்பிய நரம்பணுவே மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது.

மனச்சோர்வு மருந்துகளில் இன்று மிகப் பரவலாக எழுதித் தரப்படுபவை இந்த மறு உறிஞ்சலைத் தடுப்பவை. ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸிடலோபிராம், பராக்ஸெடின் போன்றவை செரடோனின் என்ற நரம்புக்கடத்தி உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அது இடைவெளியில் நீண்ட நேரம் நிற்கும்படி செய்கின்றன. வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் ஆகியவை செரடோனினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு கடத்தியையும் அப்படியே நிறுத்திவைக்கின்றன.

செரடோனின் மனநிலைக்கு மட்டும் உரிய பொருள் அல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. உடலில் உள்ள செரடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருக்கிறது. அதற்கான ஏற்பிகளும் ஒரே வகை அல்ல, பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரே சாவி வீட்டின் பல அறைகளைத் திறப்பதைப் போல, செரடோனின் ஓரிடத்தில் மனத்தெளிவுக்கும், இன்னோரிடத்தில் குடல் அசைவுக்கும், வேறோரிடத்தில் குமட்டலுக்கும், ஹைப்போதலாமஸில் "போதும்" என்ற உணர்வுக்கும் பொறுப்பாகிறது. மாத்திரை எந்த அறை என்று பார்த்துப் போவதில்லை. இரத்தத்தில் கலந்து எல்லா அறைகளுக்கும் போகிறது.

செரடோனின் கூடினால் நிறைவு உணர்வு கூடும் என்பது நீண்ட நாளாகத் தெரிந்ததுதான். அதை நேரடியாகப் பயன்படுத்தி, செரடோனினை அதிகம் வெளியிடச் செய்யும் ஃபென்ஃபுளூரமின் எடை குறைக்கும் மருந்தாக விற்கப்பட்டது. இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. "போதும்" என்ற செய்தியைத் தருவதில் முக்கியப் பங்காற்றுவது செரடோனின் 2சி என்ற ஏற்பி. இந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் அளவுக்கு மீறித் தின்று பருத்தன.

இன்னொன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்காகக் கொடுத்துப் பார்க்கப்பட்ட இப்ரோனியாசிட் என்ற மருந்தை எடுத்த நோயாளிகளிடம் எதிர்பாராத உற்சாகத்தையும் நல்ல பசியையும் மருத்துவர்கள் கண்டார்கள். அதுவே பின்னர் மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றானது. ஆக, இந்த மருந்துகளின் வரலாற்றில் மனமும் பசியும் முதல் நாளிலிருந்தே சேர்ந்தே வருகின்றன.

சுருக்கமாக: மருந்து சீர்செய்ய வந்த அதே வேதிச் செய்திகளைத்தான் பசியின் கணக்குப்பிள்ளையும் பயன்படுத்துகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.

முதலில் இறங்கிப் பிறகு ஏறுவது ஏன்?

செரடோனின் கூடினால் நிறைவு கூடும் என்றால், இந்த மருந்துகள் எல்லாமே எடையைக் குறைக்க வேண்டுமே என்று கேட்பது நியாயம். முதல் சில வாரங்களில் அப்படித்தான் நடக்கிறது. குடலிலும் மூளைத்தண்டிலும் உள்ள செரடோனின் ஏற்பிகள் திடீரெனத் தூண்டப்படுவதால் குமட்டல், வயிற்றுப் புரட்டல், உணவில் வெறுப்பு ஆகியவை தோன்றலாம். எடை சற்றே இறங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் இது தணிந்துவிடும்.

அதற்குப் பிறகு கதை மாறுகிறது. புதிதாகக் குடிபோன வீட்டருகே ஓடும் ரயிலின் சத்தம் முதல் வாரம் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்றாவது மாதம் அது காதில் விழுவதே இல்லை. இடைவிடாமல் தூண்டப்படும் ஏற்பிகளும் இப்படிப் பழகிப்போய் மந்தமாகின்றன. நிறைவைச் சொல்லும் ஏற்பிகள் மந்தமானால், "போதும்" என்ற குரல் தாமதமாகவோ மெதுவாகவோ கேட்கும் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. இதே காலத்தில்தான் நோயும் விலகத் தொடங்குகிறது. ருசி திரும்புகிறது, நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் மனநிலை வருகிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், ஒருவரது எடைக்கோட்டை மட்டும் பார்த்து எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம்.

ஆகவே, ஆறு வாரத்தில் எடை குறைந்தது என்பதால் இது எடை குறைக்கும் மருந்து என்றோ, எட்டாவது மாதத்தில் கூடியது என்பதால் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் என்றோ முடிவு கட்டக்கூடாது.

ஹிஸ்டமின் என்ற பக்கவாசல்

சில மருந்துகள் இன்னும் நேரடியான வழியில் பசியைத் தூண்டுகின்றன. ஒவ்வாமை, தும்மல், அரிப்பு என்றால் நம் நினைவுக்கு வரும் ஹிஸ்டமின், மூளையில் விழிப்பையும் நிறைவுணர்வையும் காக்கும் நரம்புக்கடத்தியாகவும் இருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மாத்திரையைப் போட்டதும் கண்ணைச் சொக்கிக்கொண்டு வரும் தூக்கத்தை அனுபவிக்காதவர்கள் குறைவு. அந்த மாத்திரை மூளையிலும் ஹிஸ்டமினின் பூட்டை அடைத்துவிடுவதால் வரும் தூக்கம் அது. அதே பூட்டு அடைபடும்போது பசியின் கடிவாளமும் தளர்கிறது.

மிர்டாசபின் என்ற மருந்தும், பழைய தலைமுறையைச் சேர்ந்த அமிட்ரிப்டிலினும் ஹிஸ்டமின் ஏற்பியை வலுவாக அடைப்பவை. மிர்டாசபின் அதோடு நில்லாமல், மேலே சொன்ன செரடோனின் 2சி ஏற்பியையும் அடைக்கிறது. "போதும்" என்று சொல்லும் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் அடக்கப்படுகின்றன. அமெரிக்காவில் நடந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில் மிர்டாசபின் எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்குப் பசி கூடியது. மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களில் இது 2 சதவீதம். உடல் எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியவர்கள் முதல் சாராரில் 7.5 சதவீதம், இரண்டாம் சாராரில் ஒருவரும் இல்லை.

இந்தப் பசி எப்படி இருக்கும் என்பதை அனுபவிக்காதவர் புரிந்துகொள்வது கடினம். இரவு உணவை வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தவர் நள்ளிரவில் விழித்து, பாதித் தூக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே கையில் கிடைத்ததைத் தின்னுவார். தின்னும்போதே "எனக்குப் பசியில்லையே" என்று அவருக்குத் தெரியும். ஆனால் நிறுத்தச் சொல்லும் குரல் உள்ளிருந்து வராது. இதைக் கட்டுப்பாடின்மை என்று சொல்வது, பிரேக் வயர் தளர்ந்த வண்டியை ஓட்டுபவரிடம் "உனக்கு நிறுத்தத் தெரியவில்லை" என்று சொல்வதற்குச் சமம்.

ஆனால் இதே குணம் சிலருக்கு மருந்தாகிறது. தூக்கமும் பசியும் அறவே போய், எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் மிர்டாசபினைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். ஒருவருக்குப் பக்கவிளைவாக இருப்பது இன்னொருவருக்குத் தேவையான விளைவு.

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளில் இன்னொரு சிறு வழியும் உண்டு. அவை வாயை உலரவைக்கின்றன. வறண்ட வாய்க்கு ஒருவர் தண்ணீரைக் குடிக்காமல் சர்க்கரை சேர்த்த பானங்களை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தால், அந்தச் சர்க்கரையும் எடையில் வந்து சேரும்.

எந்த மருந்து எவ்வளவு?

2024இல் அமெரிக்காவில் 1,83,118 பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு எட்டு மருந்துகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. செர்ட்ராலினை அளவுகோலாக வைத்து, ஆறு மாத முடிவில் மற்றவை எப்படி என்று பார்த்தார்கள். எஸிடலோபிராம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.41 கிலோவும், பராக்ஸெடினுக்கு 0.37 கிலோவும், டுலாக்ஸெடினுக்கு 0.34 கிலோவும் கூடுதலாக ஏறியிருந்தது. வென்லாஃபாக்ஸினும் சிடலோபிராமும் அதைவிடக் குறைவு. ஃபுளுவாக்ஸெடின் செர்ட்ராலினுக்குச் சமமாகவே இருந்தது. புப்ரோபியான் எடுத்தவர்களுக்கு 0.22 கிலோ குறைவாக இருந்தது.

அரைக் கிலோவுக்கும் குறைவான வித்தியாசத்துக்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். சராசரி என்ற எண் பலவற்றை மறைக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு எடை மாறவே இல்லை, ஒருவருக்கு 2 கிலோ குறைந்தது, ஒருவருக்கு 6 கிலோ கூடியது என்றால் சராசரி 0.4 கிலோதான். அந்த 6 கிலோ கூடியவரிடம் போய் "சராசரியாக அரைக் கிலோகூடக் கூடாது" என்று சொன்னால் அவர் நம்மை நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. இதே ஆய்வில், தொடக்க எடையில் 5 சதவீதமாவது கூடுவதற்கான வாய்ப்பு எஸிடலோபிராம், பராக்ஸெடின், டுலாக்ஸெடின் எடுத்தவர்களுக்குச் செர்ட்ராலினைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆறு மாத முடிவில் பெரும்பாலோர் தொடங்கிய மருந்தைத் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

நீண்ட காலத்துக்கு வந்தால், பிரிட்டனில் ஏறத்தாழ 3 லட்சம் பேரின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு இருக்கிறது. மருந்து எடுத்தவர்களிடம் 5 சதவீத எடை கூடும் நிகழ்வு, எடுக்காதவர்களைவிட 21 சதவீதம் அதிகமாக இருந்தது. மருந்து எடுத்த இரண்டாம் ஆண்டில், 27 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதலாக இப்படி எடை ஏறியது. மிர்டாசபின் இங்கும் முன்னணியில் இருந்தது. இத்தகைய பதிவு ஆய்வுகளில் மருந்து எடுத்தவர்கள் நோயும் உள்ளவர்கள் என்பதால், நோயின் பங்கை முழுமையாகக் கழித்துவிட முடியாது. ஆயினும் "சம்பந்தமே இல்லை" என்று சொல்வதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

புப்ரோபியான் ஏன் தனித்து நிற்கிறது என்பதற்கு விடை நாம் முன்பே பார்த்ததில் இருக்கிறது. அது செரடோனினையும் ஹிஸ்டமினையும் பொருட்படுத்தத்தக்க அளவில் தொடுவதில்லை. டோபமின், நார்அட்ரினலின் என்ற கடத்திகள் வழியாக வேலை செய்கிறது. நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தோடு சேர்த்து, 2014இல் அமெரிக்காவில் உடல்பருமனுக்கான மருந்தாகவே அது அனுமதி பெற்றது. அப்படியானால் எல்லோருக்கும் இதையே கொடுத்துவிடலாமே என்றால் முடியாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், அடக்க முடியாமல் உண்டு வாந்தி எடுக்கும் நோயோ உணவை ஒறுத்து மெலியும் நோயோ உள்ளவர்களுக்கும் இது ஆகாது. வலிப்பு வரும் ஆபத்து கூடும்.

மாத்திரைக்குள் கொழுப்பு இல்லை

மருந்து எடையைக் கூட்டுகிறது என்பதை, மாத்திரையே உடலில் கொழுப்பாக மாறுவதாகச் சிலர் கற்பனை செய்கிறார்கள். எடை கூடுவது பெரும்பாலும் உள்ளே போகும் ஆற்றல் கூடுவதாலும் செலவாகும் ஆற்றல் குறைவதாலும்தான். மருந்து அந்த இரண்டையும் தெரியாமல் நகர்த்துகிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நிறைவு சற்றுத் தாமதமாக வருவதால் ஒருவர் நாளொன்றுக்கு 100 கலோரி மட்டும் கூடுதலாகச் சாப்பிடுகிறார் என்றால், காகிதக் கணக்கில் ஓராண்டில் 4.7 கிலோ கூட வேண்டும். உடல் கனக்கக் கனக்க அதற்கான செலவும் கூடுவதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே ஏறும். இருந்தாலும் 100 கலோரி என்பது இரண்டு கைப்பிடிகூட இல்லாத தின்பண்டம். அதை ஒருவர் கவனிக்காமல் போவதில் வியப்பில்லை. பகல் முழுக்க மந்தமாக வைத்திருக்கும் மருந்தாக இருந்தால் நடமாட்டமும் குறைகிறது.

பழி தவறான இடத்தில் விழுவதும் உண்டு. மனச்சோர்வு மருந்து மட்டும் போதாதபோது ஓலான்சபின், குவெட்டியாபின் போன்ற வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். எடையைக் கூட்டுவதில் அவை இவற்றைவிட மிக வலுவானவை. மருந்துச் சீட்டில் மூன்று பெயர்கள் இருக்கும்போது எது எடையைக் கூட்டுகிறது என்று மருத்துவரைக் கேட்பது அவசியம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் எடைக்கூடலும் சேர்ந்தே வரும் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனையையும் மருத்துவர் சொல்லக்கூடும்.

எடை கூடினால் என்ன செய்யலாம்?

முதல் மாத்திரைக்கு முன்பே எடையைக் குறித்துவைப்பது எல்லாவற்றிலும் பயனுள்ளது. நோய்க்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பது நினைவிருந்தால் அதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை, அதே எடைக்கருவியில், அதே வேளையில் பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் உடலில் நீர் கூடுவதும் குறைவதும்தான் தெரியும். அது வீண் கவலை. உணவு தொடர்பான மனநோய் முன்பு இருந்தவர்கள் எண்ணைத் தாமே பார்க்காமல் மருத்துவமனையில் பார்க்கச் சொல்வது நல்லது.

தொடக்க எடையில் 5 சதவீதம் கூடிவிட்டால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் பேசலாம். 60 கிலோ உள்ளவருக்கு இது 3 கிலோ. நோயில் இழந்ததுதான் திரும்புகிறதா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் அளவைக் குறைப்பது, எடையை அதிகம் தொடாத மருந்துக்கு மாற்றுவது, உணவு நிபுணரிடம் அனுப்புவது என வழிகள் உண்டு. உடற்பயிற்சி இங்கே இரட்டை வேலை செய்கிறது. மனச்சோர்வையும் அது ஓரளவு தணிக்கிறது. கால் வீக்கத்தோடும் மூச்சுத்திணறலோடும் சில நாட்களிலேயே எடை ஏறினால் அது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய வேறொன்று.

தானாக நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். இந்த மருந்துகளுக்குப் பழகிய மூளை, திடீரென அவை நின்றுபோனால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததைப் போன்ற வெட்டு ஆகியவற்றைக் காட்டும். பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் இதில் குறிப்பாகக் கடுமையானவை. அதைவிடப் பெரியது நோய் திரும்பும் ஆபத்து. மருத்துவரின் துணையோடு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பதே முறை. அப்படிக் குறைத்து நிறுத்திய பிறகும் ஏறிய எடை ஒரே வாரத்தில் இறங்காது. நிறைவைச் சொல்லும் குரல் மீண்டும் கேட்கத் தொடங்கும். சேர்ந்துவிட்ட கொழுப்பு கரைவதற்கு, அது சேர எடுத்துக்கொண்ட அளவுக்கு மாதங்கள் ஆகலாம்.

சந்திப்பின்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு தாள் போதும். நோய்க்கு முந்தைய எடை, மருந்து தொடங்கிய நாள் எடை, மாதாமாதம் எடை, எந்த நாளில் எந்த மாத்திரையின் அளவு மாறியது, பசி எந்த வேளையில் மிஞ்சுகிறது. நள்ளிரவில் குளிர்சாதனப் பெட்டியின் முன் நின்றதையும் கூச்சப்படாமல் அதில் எழுதலாம். ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கும் மருந்தா என்று மருத்துவர் பார்ப்பதற்கு அந்த ஒரு வரி உதவும்.